லார்னகாவில் ஒரு துண்டுப் பேரம்

சித்தெ மெதுவாப் பேசுங்க தம்பி. சன்னலோரம் கண்ண மூடிட்டு இருக்கறா பாருங்க, அவ எம் மருமக. தூங்கறாளா, தூங்கறாப்பல இருக்கறாளான்னு தெரியல. சார்ஜாவுல பிளேன் கெளம்பறதுக்கு முந்தியே கண்ண மூடிட்டா. வெயில் அடிக்குதுன்னு சன்னலையும் சாத்திட்டா. நான் எதையாச்சும் பாக்கப் போனா அதைச் சாத்தறதே இவளுக்கு வேலை.

உங்களுக்கு எந்த ஊருங்க? உடுமலையா? உடுமலைல எங்க? கேக்கறதுக்குக் காரணம் இருக்குதுங்க. இவ அண்ணன் உடுமலைப் பக்கந்தான் மஞ்சி மில் வெச்சிருக்கறான். அவனுக்கு நீங்க ஒறம்பரை, சொந்தம் ஒண்ணும் இல்லையே? இல்லைன்னா சரி. இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லுவீங்க. மூஞ்சியப் பாத்தா நல்ல புள்ளையாத் தெரியுது, அதனால சொல்றேன்.

எம் பேரு சாமியாத்தா. பொள்ளாச்சிக்கு இந்தப்பக்கம் நமக்கும் ஒரு மஞ்சி மில் இருக்குது. தேங்கா மட்டைய அடிச்சு மஞ்சி, அதாங்க நாரு, எடுத்தா தூளு மிஞ்சுமில்லீங்க, அதைக் கழுவிக் காயவெச்சு, செங்கல்லாட்ட அமுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பறோம். அங்க மண்ணுக்குப் பதிலா அந்தத் தூள்லதான் செடி வெக்கறாங்களாமா. சைப்ரஸ்னு ஒரு தீவு, சுத்தியும் கடலு. அங்க ஸ்டவ்ரோசுன்னு ஒரு பெரியவரு கண்ணாடிக் கொட்டாய் போட்டுத் தக்காளி வெச்சிருக்கறாரு. எம் பையன் புடிச்ச பார்ட்டி. எம் பையன் இப்ப இல்லீங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி வண்டியெடுத்துட்டுப் போனவனை லாரிக்காரன் அடிச்சுட்டான். அதை விடுங்க. அதை நான் ஆருகிட்டயும் பேசறதில்ல.

அவன் போன பொறவு இவதான் இங்கிலீசுல எழுதறது, போன்ல பேசறது எல்லாம். பூர்ணிமான்னு பேரு. படிச்ச புள்ள. என்ன எழுதறா, என்ன பேசறா, எனக்கென்ன தெரியும்? கேட்டாச் சொல்லுவா. சொல்றதுதான் எழுதுனதுன்னு எப்படி நம்பறது?

போன லோடு போய்ச் சேந்துச்சு. கொஞ்ச நாள்ல பெரியவர்கிட்ட இருந்து சேதி வருது. தக்காளிச் செடி கருகிப் போச்சாம். தூள்ல உப்பாம். நம்ம தூள்ல உப்பு எங்கிருந்துங்க வரும்? அப்பக் கெணத்துல தண்ணி கம்மி. நாந்தான் ஆளுங்ககிட்டச் சொன்னேன், ஒருக்காக் கழுவுனாப் போதும், தூளைக் குளிப்பாட்டறதுக்கா தண்ணி, தென்னைக்கு விடுங்கடான்னு. நல்லதுக்குத்தானே சொன்னேன்? இவ பேனாவாட்ட ஒரு மெசினைத் தூளுக்குள்ள குத்திக்கிட்டு, "அத்தை, உப்பு கூடுதலாக் காட்டுது, இன்னும் ரெண்டு தண்ணி விடலாம்"னு நின்னா. நாக்குல வெச்சாத் தெரியாததா மெசின்ல தெரிஞ்சுரும்? போடி அந்தப்பக்கம்னுட்டேன். லோடு போச்சு, செடி கருகிப் போச்சு. இவ சொன்னாப்பலயே எப்படிங்க நடக்குது? நீங்களே சொல்லுங்க. எனக்கு அன்னைக்கே சந்தேகம்.

நமக்கு அந்தப் பார்ட்டிதான் பெரிய பார்ட்டி. அது போச்சுன்னா மில்லுக்குப் பூட்டுத்தான். "நேர்ல போயிப் பேசிட்டு வந்தர்றேன் அத்தை"ன்னா. தனியா! நானும் வர்றேன்னேன். "நீங்களும் வந்தா நல்லதுதான் அத்தை"ன்னு சொல்லி அவளே அலைஞ்சு எனக்குப் பாஸ்போர்ட்டு எடுத்துக் குடுத்தா. வராதீங்கன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன். வாங்கன்னாளே, அதைத்தான் நம்ப முடியல.

ஏன் இப்படிச் சந்தேகப்படறேன்னு நெனைக்கறீங்களா? எங்கப்பன் பொள்ளாச்சிச் சந்தையில மாட்டுத் தரகருங்க. பாத்திருப்பீங்களே, துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள கையக் கோத்துக்கிட்டு விரலப் புடிச்சுப் பேசுவாங்க. வாயில ஒரு ரேட்டு சொல்லுவாங்க, அது சுத்தி நிக்கறவங்களுக்கு. துண்டுக்குள்ள புடிக்கற விரல்தான் நெசம். நான் சின்னப் புள்ளையா அவரு மடியில ஒக்காந்து அத்தனையும் கத்துக்கிட்டேன். மாடு மனசுக்குப் புடிச்சிருக்குதுன்னு மூஞ்சில காட்டுனா, காரியம் கெட்டுப் போயிரும். எச்சா வெலை சொல்லிப் போடுவாங்க. அப்புறம், பேரம் படியறதுக்கு முந்தி ஆரு மொதல்ல கைய உருவறாங்களோ அவங்க தோத்தாங்கன்னு அர்த்தம். எங்கப்பன் ஒரு தடவ கூட மொதல்ல கைய உருவுனதில்ல.

இவளுக்குக்கூடச் சொல்லிக் குடுத்திருக்கறேன். கல்யாணமாயி வந்த புதுசு. மாட்டுப்பொங்கலன்னைக்கு, "அத்தை, அது எப்படி அத்தை"ன்னு கேட்டா. எஞ் சீலை முந்தானையப் போட்டு மூடிக்கிட்டு ஒவ்வொரு விரலாப் புடிச்சுக் காட்டுனேன். எம் பையன் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தான். அப்பவே சொல்லிக் குடுத்திருக்கப்படாது.

சரி, கதைக்கு வர்றேன். ரெண்டு பிளேனு மாறிப் போனோம். மொதப் பிளேன்ல ஒரு பொண்ணு வந்து சிரிச்சா. காரணமில்லாம ஆராச்சும் சிரிச்சா நான் பைய மடியில எடுத்து வெச்சுக்குவேன். அதை மேல வைங்கங்கறா. வெப்பனா? இவ எங்காதுல என்னமோ சொல்லி, எங் கையிலிருந்து வாங்கி மேல வெச்சா. இவ பையத் தொறந்தப்ப உள்ள என்ன இருக்குதுன்னு அப்பத்தான் பாத்தேன். துணிக்கு நடுவுல ஒரு பொட்டலம், தூளு. "இதென்ன அம்மிணி"ன்னேன். "நம்ம தூளுதான் அத்தை, மூணு தண்ணி விட்டுக் கழுவுனது, பெரியவருக்குக் காட்டறதுக்கு"ன்னா. நான் மருதமலை போயிருந்த அன்னைக்குத் தொட்டியில அவளே எறங்கிக் கழுவுனாளாமா. நான் இல்லாதப்ப எதுக்குக் கழுவோணும்? அது அவ அண்ணன் மில்லுத் தூளா இருந்தா எனக்கென்ன தெரியும்? தூள்ல பேரா எழுதியிருக்குது?

லார்னகாவுல எறங்குனோம். எல்லா எடத்துலயும் பூனைங்க தம்பி. ஆரும் அதை வெரட்டறதில்ல. அது ஒக்காந்துக்கிட்டு நம்மளையே பாக்குது. கடலு கண்ணாடியாட்டக் கெடக்குது, அலையே இல்ல. அலையில்லாத கடலை நான் இப்பத்தான் பாக்கறேன். எனக்கு அந்த ஊரே புடிபடல.

ஸ்டவ்ரோசு காரெடுத்துட்டு வந்தாரு. வெள்ளை மீசை, நல்ல ஒசரம். கையில மணிமாலை ஒண்ண வெச்சு உருட்டிக்கிட்டே இருக்கறாரு. சாமி பேரு சொல்றாரான்னு ஒதட்டைப் பாத்தேன், ஒதடு அசையல. சாமி கும்பிடாதவன் எதுக்கு மாலை உருட்டறான்? என்னமோ கணக்குப் போடறான்னு நெனச்சுக்கிட்டேன்.

நேரா கண்ணாடிக் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனாரு. வரிசை வரிசையா நம்ம தூளு, அதுல கருகுன செடி. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆரு வெச்சா என்ன, வெள்ளாமை வெள்ளாமைதானே. ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வெச்சுப் பாத்தேன். அத்தனை பேரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கறாங்க. கரிச்சுது தம்பி. நல்லாவே கரிச்சுது. அதை வெளிய சொல்லுவனா? தித்திப்பா இருக்குதுன்னு தலையாட்டிட்டேன். கடலோரத் தோட்டம், காத்துலயே உப்பு வரும். இல்ல, அந்தப் பெரியவரே போட்டுருப்பாரு. அப்படியும் செய்வாங்க.

அங்க தக்காளி அடுக்கற எடத்துல ஜெயராணின்னு ஒரு பொண்ணு வேலை செய்யறா. வவுனியாக்காரி. தமிழு. "அம்மா, நீங்கள் இந்தியாவோ?"ன்னு ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டா. எனக்கும் சந்தோசந்தான். அந்தப்பக்கம் பூர்ணிமாவும் பெரியவரும் பேசறாங்க. அவரு சத்தம் போடறாரு, மாலை கடகடங்குது. இவ தலையக் குனிஞ்சு, நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு என்னமோ சொல்றா. "என்ன கண்ணு சொல்றா?"ன்னு ஜெயராணியக் கேட்டேன்.

"பிழை தன்னுடையது எண்டு சொல்லுறா அம்மா. ஒருக்காக் கழுவினால் போதும் எண்டு தான்தான் வேலையாட்களுக்குச் சொன்னதாம். உங்களைக் குறை சொல்ல வேண்டாமாம்."

பாத்தீங்களா! எம் மில்லுல நான் போட்ட உத்தரவை அவ போட்டதாச் சொல்றா. அப்ப மொதலாளி ஆருன்னு அந்த மனுசன் நெனப்பாரு? எம் வாயில வந்த வார்த்தையக்கூட விட்டுவெக்கல, அவ பேருக்கு எழுதிக்கிட்டா. அப்புறம் அந்தப் பொட்டலத்தை எடுத்தா, தண்ணியில கரைச்சா, மெசினை வெச்சா. பெரியவரு குனிஞ்சு பாத்தாரு. சத்தம் நின்னு போச்சு. மாலையச் சட்டை ஜோப்புக்குள்ள போட்டுக்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் என்னமோ ஒப்பந்தம் ஆயிருச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

மத்தியானம் அவரு ஊட்டுல சாப்பாடு. வேப்பங்காயாட்ட ஒரு காயி, ஆலிவாமா. கடிச்சாக் கீச்சுக்கீச்சுங்கற பாலுக்கட்டி. நான் சாப்படல, பையிலிருந்து புளிசாதம் எடுத்துக்கிட்டேன். நடுவுல பெரியவரு இவகிட்ட ரொம்ப நேரம் மெதுவாப் பேசுனாரு. அவரு சம்சாரம் கூட இவ தோளத் தொட்டுத் தொட்டுச் சொல்லுது. இவ தலைய ஆட்டறா, மாட்டேன்னு. மறுபடி சொல்றாங்க. மறுபடி மாட்டேங்கறா. என்னைப் பாக்கறா, தட்டைப் பாக்கறா.

இவ அந்தம்மாகூட அடுப்படிக்குப் போனதும், தண்ணி ஊத்த வந்த ஜெயராணியப் புடிச்சேன். அவளையும் அன்னைக்குச் சாப்பாட்டு வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. "என்னடி கேக்கறாங்க?"ன்னேன்.

"உங்கட மருமகளை இஞ்சேயே வந்து இருக்கச் சொல்லிக் கேக்கினம் அம்மா. தூள் வாங்கிற வேலையெல்லாம் அவவே பாக்கட்டாம். வீடும் தருவினமாம். அவ ஏலாது எண்டு சொல்லிப்போட்டா."

"ஏனாமா?"

"அத்தை தனிச்சுப் போவா எண்டு சொன்னவ. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அம்மா."

குடுத்து வெச்சிருக்கறனாமா! அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? அவங்ககிட்டச் சம்பளம் வாங்கறவ, அவங்க சொல்லச் சொன்னதைத்தானே சொல்லுவா? அப்படியே நெசமா இருந்தாலும், மாட்டேங்கறதுதானுங்க பேரத்தோட மொதப் படி. மாட்டேன்னாத்தான் ரேட்டு ஏறும். எங்கப்பன் மாடு வேண்டாம் வேண்டாம்னுட்டே கவுத்தைக் கையில வாங்கிருவாரு.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. வேலைக்குக் கூப்பிட்டாங்கன்னு கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. புளிசாதத்தை மூடி வெச்சுட்டேன். இவ போயிட்டா எனக்கு ஆருங்க? அந்த ஊட்டுல நானும் செவுருந்தான். இவ அம்மா வேற வாராவாரம் போன் பண்ணுது. சின்ன வயசு, இன்னொரு கல்யாணம் பண்ணி வெக்கலாம்னு பேச்சு இருக்குதாமா, ஊருக்குள்ள சொன்னாங்க. இவ ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. எப்படிக் கேக்கறது? இருந்துக்க சாமின்னு நான் கேட்டுட்டா, இவ இல்லாம எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு போயிருமே. மாட்டைப் புடிச்சிருக்குதுன்னு மூஞ்சில காட்டுனாப்பல ஆயிரும். அதனால ரெண்டு வருசமா நான் காட்டல. ஒரு நாள் கூடக் காட்டல.

அப்பத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவளுக்குத் தெரியாம நானே பேசிர்றதுன்னு. எனக்கு இங்கிலீசு தெரியாது, அவருக்குத் தமிழு தெரியாது. விரலு ரெண்டு பேருக்கும் இருக்குதில்ல? வாய் தொடைக்க ஒரு வெள்ளைத் துணி வெச்சிருந்தாங்க, நல்ல பெரிய துணி. பெரியவரு எனக்குப் பக்கத்து நாற்காலி. துணிய எடுத்து அவரு கை மேல போட்டேன். உள்ள கைய விட்டேன். வருசத்துக்கு மூணு லோடு எங்க மில்லுலயே எடுக்கோணும், இவ அண்ணன் மில்லுக்குப் போகப்படாதுன்னு மனசுல வெச்சு, மூணு விரலப் புடிச்சு நல்லா அமுக்குனேன்.

சிரிக்காதீங்க தம்பி. அவரு மொதல்லத் திடுக்குன்னுட்டாரு. அடுப்படியிலிருந்து வந்த அவரு சம்சாரம் வாசப்படியிலயே நின்னுருச்சு. நான் விடல. எங்கப்பன் மகளா விடுவேன்? அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் கைய உருவாம, எங் கை முழுசையும் சேத்துப் புடிச்சுக்கிட்டாரு. இன்னொரு கையத் துணிக்கு மேல வெச்சாரு. கண்ணெல்லாம் தண்ணி. எம் பையன் பேரைச் சொன்னாரு. அது மட்டும் எனக்குப் புரிஞ்சுது. திருமூர்த்தி, திருமூர்த்தின்னு ரெண்டு தடவ சொன்னாரு. அவரு வாயில அது வேற மாதிரி வருது, ஆனா எம் பையன் பேருதான்.

"உங்கட மகனை நினைச்சு அழுறார் அம்மா"ன்னு ஜெயராணி சொன்னா. இருக்கும், இல்லைங்கல. ஆனா பெரிய வியாபாரிங்க கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டேதான் பேரம் பேசுவாங்க, சந்தையில பாத்திருக்கறேன். நான் கேட்டது மூணு. அவரு புடிச்சது அஞ்சு விரலையும் சேத்து. அப்ப அஞ்சு லோடுன்னுதானே அர்த்தம்? கேட்டதுக்கு மேலயே குடுக்கறாரு! எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பேரம் படிஞ்ச சந்தோசத்துல வந்தது.

இவ சட்டியோட வாசப்படியில நின்னு எங்க ரெண்டு பேரையும் பாத்தா. சட்டிய வெச்சுட்டு வெளிய போயிட்டா. எட்டிப் பாத்தேன், எலுமிச்சை மரத்தடியில மூஞ்சிய மூடிக்கிட்டு அழுகறா. நம்ம போட்ட கணக்கை இந்தக் கெழவி முறிச்சுப் போட்டாளேங்கற ஆத்திரமா இருக்கும். வேற எதுக்கு அழுகோணும்?

கெளம்பறப்பப் பெரியவரு சொன்னாராமா, இப்போதைக்கு ஒரு லோடு அனுப்புங்க, மூணு தண்ணி விட்டு, இவ கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், நல்லாயிருந்தா மேக்கொண்டு பாக்கலாம்னு. இவ வந்து, "அத்தை, மில் தப்பிச்சுது அத்தை"ன்னு எங் கையப் புடிக்க வந்தா. நான் முந்தானையச் சரி பண்ணிக்கிட்டேன். அவ நெனச்சுக்கறா, அவ பொட்டலந்தான் காரியத்தை முடிச்சுதுன்னு. நெனச்சுக்கட்டும். ஒண்ணுன்னு வாயில சொன்னது அவளுக்கு. துணிக்குள்ள அஞ்சு. அது எனக்கும் பெரியவருக்கும் மட்டுந்தான் தெரியும். உங்களுக்கும் இப்பத் தெரியும், ஆருகிட்டயும் சொல்லிப் போடாதீங்க.

திரும்பி வர்றப்ப, ஏர்போர்ட்டுல எனக்குக் காலு வீங்கிருச்சுன்னு ஒக்காந்து போற தள்ளுவண்டி கேட்டு வாங்கி, அவளே தள்ளிட்டு வந்தா. தள்ளறவ பின்னால இருக்கறா, மூஞ்சி தெரியாது. மூஞ்சி தெரியாம எங்க போறோம்னு எப்படிங்க நிம்மதியா ஒக்காந்திருக்கறது? திரும்பித் திரும்பிப் பாத்து எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். அந்த வேலையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். கூப்பிட்டாங்க அத்தை, வேண்டாம்னுட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல? சொன்னா நான் அவளுக்குக் கடன்பட்டாப்பல ஆயிரும்னு நெனச்சாளோ, இல்ல இன்னும் முடிவு பண்ணலியோ. பெரியவரு சம்சாரம் என்னமோ அட்டையில எழுதிக் குடுத்துது, அதைப் பர்சுல வெச்சிருக்கறா. தூக்கியெறியல.

நீங்க சொல்லுங்க தம்பி, சார்ஜாவுல எத்தனையோ பேரைப் பாத்திருப்பீங்க. இந்த மாதிரிப் புள்ள இருப்பாளா, போயிருவாளா? கேட்டுப் பாருங்கங்கறீங்களா? நல்ல ரோசனை சொன்னீங்க போங்க. கேக்கறதா இருந்தா நான் எதுக்கு உங்ககிட்டச் சொல்லிட்டு இருக்கறேன்?

இருங்க. சித்தெ இருங்க.

பேசாதீங்க. எங்க மடி மேல கெடக்கற போர்வைக்குள்ள என்னமோ வருது. இவ கை. எங் கையத் தேடிட்டு வருது. கண்ணு மூடித்தான் இருக்குது பாருங்க, ஆனா இமையோரம் ஈரமா இருக்குது. தூங்கவே இல்ல. நான் அப்பவே சொன்னனா இல்லையா? நான் சொன்னது அத்தனையும் கேட்டுட்டுத்தான் இருந்திருக்கறா.

புடிச்சுட்டா தம்பி. ஒத்த விரலப் புடிக்கல, மூணப் புடிக்கல. அஞ்சையும் சேத்துப் புடிச்சிருக்கறா. அஞ்சுன்னா என்னங்க? அஞ்சு வருசம் இருப்பேங்கறாளா? அஞ்சு லோடும் எனக்குங்கறாளா? எதைக் கேக்கறா இவ? கையச் சில்லுன்னு வெச்சிருக்கறா, ரத்தமே இல்லாதவளாட்ட. அமுக்கிக்கிட்டே இருக்கறா. விடமாட்டேங்கறா.

நானும் விடமாட்டேன், இன்னொரு கையையும் மேல வெச்சுட்டேன். மொதல்லக் கைய உருவறவங்க தோத்தாங்கன்னு அர்த்தம், அதை இவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். கோயமுத்தூரு வர்றமுட்டும் ஆரு உருவறாங்கன்னு பாத்தர்றேன். எங் கை ரெண்டும் உள்ள மாட்டிக்கிச்சு, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது தம்பி, அந்தப் போர்வைய இவ தோளு வரைக்கும் சித்தெ இழுத்து விடுங்க. குளுருது இவளுக்கு.